பத்து மணி தட்கலும் பல சர்வர்களும்

காலை பத்து மணி நெருங்கும்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் சிலர் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். விருத்தாசலத்தில் ஏறித் தெற்கே போக ஏசி தட்கல் வேண்டும். அதே நொடியில் நாடு முழுவதும் எத்தனையோ விரல்கள் அதே பொத்தானைத் தட்டுகின்றன. ஐஆர்சிடிசியின் பழைய தளம் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டோடு திணறியது. ரயில்வேயின் கணினிப் பிரிவான கிரிஸ் உருவாக்கிய புதிய தளம் 2014-இல் வந்தபோது அந்தத் திறன் 7,200 ஆனது.

கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. அடிக்கடி கேட்கப்படும் தகவலை டேட்டாபேஸ் வரை போகாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது ஒன்று, இதுதான் கேஷ். ஜாவாவில் எழுதப்பட்ட ஜெம்ஃபயர் மென்பொருளை ஐஆர்சிடிசிக்கு இதற்காகத்தான் எடுத்தார்கள். வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. அது லோடு பேலன்சிங்.

தனித்தனியாக இரண்டும் சமர்த்து. சேர்ந்தால் சில சமயம் முட்டிக்கொள்ளும்.

1999-இல் வந்த ஜே2இஇ என்னும் ஜாவா தளத்தின் காலத்து நிறுவன மென்பொருள்களில் இந்த மோதலை நன்றாகப் பார்க்கலாம். கட்டணம் கணக்கிடும் ஒரு பகுதி தேவையென்றால், அது எங்கே இருக்கிறது என்று முதலில் ஜேஎன்டிஐ என்னும் விலாசப் பட்டியலிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டால் நேரம் வீண். எனவே ஒருமுறை கிடைத்த விலாசத்தையே எல்லாரும் பயன்படுத்தும்படி சேமித்து வைத்தார்கள். ஆனால் எந்த சர்வர் என்பது விலாசம் கேட்கும்போதே முடிவாகிவிடும் அமைப்புகளில் இது வினையானது. குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் தெருவே ஒரே பிளம்பரின் எண்ணை அழைப்பது மாதிரி: அவருக்கு மூச்சு முட்டும், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். அந்த சர்வர் படுத்துவிட்டால் சேமித்த விலாசமும் செல்லாக்காசு.

வெப்லாஜிக் போன்ற சர்வர்கள் இதற்கு ஒரு சாமர்த்தியம் செய்தன. சேமித்துவைக்கும் விலாசத்துக்குள்ளேயே எல்லா சர்வர்களின் பட்டியலையும் வைத்து, ஒவ்வோர் அழைப்பின்போதும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தன. சேமிப்பும் நிலைத்தது, சுமையும் பிரிந்தது. 2006-இல் இத்தகைய மென்பொருள்களுக்கான இஜேபி 3 என்னும் ஜாவா தரநிலை வந்தபின், தேடும் வேலையே பெரும்பாலும் சர்வரின் பொறுப்பாகிவிட்டது.

விலாசத்தைச் சேமிக்கலாம், நொடிக்கு நொடி மாறும் காலி இருக்கைக் கணக்கைச் சேமிப்பதுதான் ஆபத்து. முன்பதிவுச் செயலிகள் சிலவற்றில் இருக்கை எண்ணிக்கைக்குக் கீழே, அது எவ்வளவு நேரத்துக்கு முந்தைய கணக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டுமுன் அதை ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள்.