ஆவி தன்னையே தள்ளும் வித்தை

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு இ.ஐ.ஆர்-21 நீராவி என்ஜினை ஓட்டும்போதெல்லாம் ‘உலகிலேயே பழைய என்ஜின்’ என்று செய்தி வந்துவிடும். அதைப் படித்த வாசகர் ஒருவர் உருப்படியாக ஒன்று கேட்டிருக்கிறார். நீராவி என்ஜினின் கொதிகலனுக்குள் ஆவி, உதாரணமாக 10 பார் அழுத்தத்தில், முட்டிக்கொண்டிருக்கும்போது, குறைந்துபோன தண்ணீரை உள்ளே தள்ளுவது யார்?

அந்த ஆவியேதான்! இன்ஜெக்டர் என்ற கருவி இதைச் செய்கிறது. சக்கரமோ பிஸ்டனோ கிடையாது. வரிசையாக நிற்கும் சில உலோகக் கூம்புகள், அவ்வளவுதான்.

கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருப்பவர்கள் கதவை வெளிப்பக்கமாக நெருக்குகிறார்கள். ஓர் ஒல்லிப் பையன் பின்வாசல் வழியே தலைதெறிக்க ஓடிவருகிறான். வெளியே நிற்கும் குண்டு மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே வேகத்தில் முன்கதவில் மோதுகிறான். கதவு திறந்துவிடும். இதில் பையன் மாமாவுக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும் என்பதுதான் சிக்கல். உவமை அங்கே படுத்துவிடுகிறது.

கணக்கு படுக்காது. 10 பார் கொதிகலனில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வினாடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் பீறிடும். ஆவியோ, சரியான கூம்பு வழியே, 800 மீட்டரைத் தாண்டும். அந்த ஆவி தன்னைப்போல் பத்து மடங்கு எடையுள்ள குளிர்ந்த நீரில் கலந்து, நீராகவே சுருங்கிவிடுகிறது. வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினாலும் 45-ஐவிட அதிகம். விரியும் கடைசிக் கூம்பில் அந்த வேகம் அழுத்தமாக மாறி கொதிகலனின் வால்வைத் திறக்கிறது. எரிபொருள் இல்லாமல் ஓடும் எந்திரம் விற்பவர்கள் மகிழ வேண்டாம். செலவெல்லாம் அடுப்பின் கணக்கில்தான்.

வரலாறு கேட்பவர்களுக்காக: இன்ஜெக்டருக்கு 1858-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் ஹென்றி கிஃபார்ட். இ.ஐ.ஆர்-21 அதற்கு மூன்று ஆண்டு மூத்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. அந்தக் காலத்து என்ஜின்களில் கொதிகலனுக்கு நீர் தள்ளும் பம்பை இயக்கியது சக்கரங்களின் ஓட்டம்தான். நின்றுகொண்டிருக்கும்போது நீர் குறைந்தால், வெறுமனே முன்னும் பின்னும் ஓட்டித்தான் நிரப்ப வேண்டும். 1909-இல் ஓய்வுபெற்று ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்ற இ.ஐ.ஆர்-21-ஐ 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனை மீட்டது. இப்போது ஓடுவதில் எத்தனை பாகம் 1855-ஐச் சேர்ந்தது என்பதை எந்தத் தலைப்புச் செய்தியும் சொல்வதில்லை.

இன்ஜெக்டருக்கு ஒரு முரண்டு உண்டு. ஃபயர்மேன் முதலில் நீரையும் பிறகு ஆவியையும் திறப்பார். கழிவுக்குழாயில் கொட்டும் நீர் நின்று, சீறல் சீரானால் சரி. தொட்டி நீர் சூடாகியிருந்தால் ஆவி சுருங்காது, எல்லாம் வெளியே கக்கும். அப்போது ஒரு வாளி பச்சைத்தண்ணீரை இன்ஜெக்டர் தலையிலேயே ஊற்றிவிட்டு மறுபடி முயல்வார்கள்.