சீருடைப் பருவம் – 6: கரும்பலகைக்கு முன்னால் ஒரு சல்யூட்

காலை அணிவகுப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி விடுதிகளில் முதலாம் ஆண்டு கேடட்கள் சிலர் தாழ்வாரத்துக் கடிகாரத்தின் கீழே விறைப்பாக வந்து நிற்பார்கள். இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது, இன்றைக்கு எந்தச் சீருடை, சாப்பாட்டுக்கு என்ன என்று கட்டடமே கேட்கும்படி கத்திச் சொல்வது அவர்கள் வேலை. சொல் தடுக்கினால் மூத்த மாணவர்களின் வசவு விழும். சற்று நேரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அணிவகுத்து வாஷிங்டன் ஹாலுக்குள் நுழைந்து, ஒரே வேளையில் சாப்பிட்டு எழுவார்கள். அடுத்தது கால்குலஸ் வகுப்பு.

அங்கேயும் ராணுவம்தான். ஆசிரியர் முன்னால் வகுப்பு அட்டென்ஷனில் நிற்கும். பொறுப்பிலிருக்கும் கேடட் சல்யூட் அடித்து, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அறிக்கை தருவார். சுவர் நெடுகப் பலகைகள். ஆசிரியர் உத்தரவிட்டதும் ஆளுக்கொரு பலகை முன் போய்க் கணக்கைப் போட வேண்டும். போட்டால் போதாது. அந்தப் படி ஏன் வந்தது என்று எல்லோர் முன்பும் விளக்கவும் வேண்டும். பாடத்தை முந்தின இரவே படித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்பது விதி. படிக்காமல் வந்தவர் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது.

இந்த முறைக்கு வயது இருநூறு தாண்டிவிட்டது. அட்சன் நதிக்கரையில் 1802-இல் தொடங்கிய இந்த அகாடமி முதல் பதினைந்து ஆண்டுகள் ஒழுங்கில்லாமல்தான் கிடந்தது. 1817-இல் பொறுப்பேற்ற சில்வனஸ் தேயர், அதற்கு முன் பிரான்சுக்குப் போய் அங்குள்ள ராணுவக் கல்வியைக் கூர்ந்து பார்த்தவர். ஏறத்தாழ ஆயிரம் நூல்களோடு திரும்பியவர். வகுப்புகளைச் சிறு பிரிவுகளாக உடைத்து, மதிப்பெண் வரிசைப்படி மாணவர்களை உட்கார வைத்தார். தினமும் மதிப்பெண், வாரந்தோறும் அறிக்கை. நன்றாகப் படித்தவர் மேல் பிரிவுக்கு ஏறுவார், சறுக்கியவர் இறங்குவார். ஒழுங்கு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று தேயர் பிரிக்கவே இல்லை. பாடம் படித்து வருவதையும் உத்தரவுக்குக் கீழ்ப்படியும் கடமையாக்கிவிட்டார். அவர் செய்த ஆகப்பெரிய காரியம் இதுதான்.

நடத்தைக்கும் கணக்கு வைத்தார்கள். மங்கிய பித்தளைப் பொத்தான், தாமதமான வருகை எல்லாவற்றுக்கும் கறுப்புப் புள்ளி. ராபர்ட் இ. லீ 1829-இல் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் வகுப்பில் இரண்டாவதாகத் தேறினார். ஜார்ஜ் கஸ்டர் நான்கு ஆண்டுகளில் 700-க்கும் மேல் வாங்கி, 1861-இல் 34 பேரில் 34-ஆவது ஆளாக வெளியே வந்தார். இருவரும் உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்பது தனிக் கதை.

ஒழுங்கு, படிப்பு இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 1830-இல் சேர்ந்த எழுத்தாளர் எட்கர் ஆலன் போ பிரெஞ்சிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆனால் வெளியேறிவிட முடிவெடுத்து, அணிவகுப்புக்கும் வகுப்புக்கும் வேண்டுமென்றே போகாமல் இருந்தார். 1831-இல் ராணுவ நீதிமன்றம் அவரை வெளியேற்றியது. மதிப்பெண் அவரைக் காப்பாற்றவில்லை. ஜார்ஜ் பேட்டன் நேர் எதிர். அணிவகுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை, கணிதத்தில் தோற்றார். முதலாம் ஆண்டை மறுபடி படித்து, 1904-இல் சேர்ந்தவர் 1909-இல்தான் பட்டயம் பெற்றார். அந்தத் தோல்வியோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஒரு தளபதியை இழந்திருக்கும். மறுவாய்ப்பு தருகிற விதி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இருந்தும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். அணிவகுப்பு, விளையாட்டு, அறைச் சோதனை, வகுப்பு எல்லாம் போக மிஞ்சுவது இரவு. தண்டனை வாங்கியவர்கள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடுதி முற்றத்தில் மணிக்கணக்கில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். அந்த மணிகளும் ஓய்வு நேரத்திலிருந்தே பிடிக்கப்படும். கடைசியில் வெட்டுப்படுவது தூக்கம். அதுவும் போதாதபோது என்ன நடக்கும் என்பதை 1951 காட்டியது.

அப்போது கேடட்கள் இரண்டு ரெஜிமென்ட்களாக இருந்தார்கள். ஒன்றுக்கு இன்றைக்கு வைத்த தேர்வை மற்றதற்கு அடுத்த நாள் அதே கேள்விகளோடு வைப்பார்கள். முதல் நாள் எழுதியவர்கள் கேள்விகளைச் சொல்லிவிட, விஷயம் பரவியது. அதில் சிக்கி வெளியேறிய 90 பேரில் பலர் அமெரிக்கக் கால்பந்து அணிக்காரர்கள். பயிற்சிக்கே பொழுதைக் கொடுத்தவர்கள். பொய் சொல்வதோ ஏமாற்றுவதோ கூடாது, செய்பவரைப் பொறுக்கவும் கூடாது என்பது அகாடமியின் கண்ணிய விதி. அதை மீறியதற்கு அன்று ஒரே தண்டனை, வெளியேற்றம். கேடட்களின் குற்றம் குற்றம்தான். ஆனால் ஒரே வினாத்தாளை இரண்டு நாள் வைத்த நிர்வாகத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

1976-இல் மறுபடியும் நடந்தது. மின்பொறியியல் பாடத்தில், அறைக்கு எடுத்துப் போய்த் தனியாகச் செய்ய வேண்டிய கணக்கைப் பலர் சேர்ந்து செய்தது தெரியவந்தது. 150-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். இந்தத் தடவை நிர்வாகம் தன்னையும் கூண்டில் ஏற்றியது. விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அவரே 1950-இல் வெஸ்ட் பாயின்ட்டில் தேறியவர். அகாடமியின் மீதும் தவறு இருக்கிறது என்று ஆணையம் சொன்னது. வெளியேறியவர்களுக்கு ஓராண்டு கழித்துத் திரும்பும் வாய்ப்பு கிடைத்தது. பலர் வந்து படிப்பை முடித்தார்கள். கண்ணிய விதியை மீறினால் வெளியேற்றம் மட்டுமே என்ற நிலையும் மாறியது. படித்தே ஆக வேண்டிய பாடங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 1817-க்குப் பிறகு அங்கே எடுத்த முடிவுகளில் மிகத் துணிச்சலானது இந்தக் கடைசி முடிவுதான். இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டியது.

அடுத்த வாரம் புணே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள ராணுவ அகாடமிக்குப் போவோம். அங்கே கேடட்கள் மூன்றாண்டு ராணுவப் பயிற்சியோடு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டத்தையும் முடித்தாக வேண்டும்.