மல்லிகைப் பதியன்

தமிழர் மனைகளில் குண்டுமல்லிகையினும் மிகுதியாகப் பழகிய மலர்ச்செடி காண்டல் அரிது. திண்ணையோரத்திலோ மாடியிலோ ஒரு மண்தொட்டியில் நின்று, பங்குனி தொடங்கிப் பல திங்கள் மணம் பரப்பும் அச்செடியை அறியாதார் யார்? ஆயினும், அதன் விதையைக் கண்டதுண்டோ என வினவின், கண்டேம் என்பார் மிகச் சிலரே. விதை காணாத செடி மனைதோறும் வந்தெய்தியது எங்ஙனம்? அதனை நாமே பெருக்கும் வழி யாது? இவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

குண்டுமல்லிகை காய் பிடித்தல் மிக அரிது. அரும்பிலேயே கொய்துவிடுகின்றோம் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. கொய்யாது விட்ட மலரும் பெரும்பாலும் வாடி உதிருமேயன்றிக் காயாவதில்லை. ஆதலின், தண்டினின்றே இச்செடியைப் பெருக்குதல் வழக்கமாயிற்று. தண்டினின்று தோன்றுவது தாய்ச்செடியின் மணமும் வடிவும் மாறாது கொண்டிருக்கும். உண்மையில் அது புதியதொரு செடியன்று; பழைய செடியின் தொடர்ச்சியே. இன்று நம் முற்றத்தில் நிற்பது, முன்னொருவர் முற்றத்தில் நின்றதன் கிளை. அது அவர்க்கும் முன்னிருந்தார் ஒருவர் ஈந்தது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் தம் நூலில் பெயரிட்டு வைத்த இச்செடியினம், 1934-இல் பிலிப்பைன் தீவுகளின் நாட்டு மலராகவும் ஏற்கப்பட்டது. அத்துணைத் தொலைவும் அதனைப் பரப்பியது மனிதர் கையேயாம்.

தண்டில் வேர் தோன்றுமாறு எங்ஙனம் என்பதை இனி நோக்குவோம். வேர் உறிஞ்சும் நீர் தண்டின் உள்ளே மரப்பகுதி வழியாக மேலேறுகின்றது. இலைகள் சமைக்கும் உணவோ பட்டையை ஒட்டிய பகுதி வழியாகக் கீழிறங்குகின்றது. அவ்வாறே, கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளும் கீழ்நோக்கிச் செல்லும். இப்பொருள் கொழுந்தில் உண்டென்பதை 1928-இல் வெண்ட் என்னும் அறிஞர் ஓட்ஸ் முளையைக் கொண்டு மெய்ப்பித்தார். தண்டின் அடிப்புறத்தைப் பாதியளவு கீறினால், கீழிறங்கும் உணவும் ஆக்சினும் கீறலின்மேல் தேங்கும். ஈரமும் இருளும் கூடிய மண்ணுள் அவ்விடத்தே வேர் அரும்பும். கீறாத பகுதி வழியாக நீர் ஏறிக்கொண்டேயிருத்தலின் கிளை வாடாது. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிய திருமறை உவமை நாம் நன்கறிந்தது. பதியனின் நெறி வேறு: தாயை விட்டு நீங்குமுன்னரே அது தன் வேரைப் பெற்றுவிடுகின்றது.

பதியனிடுதற்கு ஆனி முதல் ஐப்பசி வரை ஏற்ற காலம். செம்மண், மணல், மட்கிய தொழுவெரு மூன்றையும் சம அளவாகக் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நிரப்பித் தாய்த்தொட்டியின் அருகே வைத்தல் வேண்டும். தாழ்வாக வளைந்து வரக்கூடிய, முற்றிய, நோயற்ற கிளையொன்றைத் தேர்ந்து, நுனியில் ஒரு சாண் விட்டு, அதன்கீழுள்ள இலைகளைக் களைக. அவ்விடத்து ஒரு கணுவின்கீழ்க் கூரிய கத்தியால் மேல்நோக்கிச் சாய்வாக, தண்டின் பாதியளவு கீறி, கீறல் மூடிக்கொள்ளாதபடி சிறு குச்சித் துண்டொன்றை இடையே செருகுக. அப்பகுதியை நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தி, நுனியை நிமிர்த்திக் கோலுடன் கட்டுக. மண் உலரவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

மூன்று அல்லது நான்கு திங்களில் வேர் நிரம்பும். மெல்ல இழுத்தால் கிளை பெயராது நிற்றலே அதற்கு அடையாளம். அப்பொழுதும் ஒரேயடியாக அறுத்தல் தகாது. தாயின் பக்கத்துத் தண்டை முதலிற் பாதி அறுத்து, ஒரு வாரம் கழித்து முற்றும் அறுப்பது நலம். பின்னர்ச் சில நாள் நிழலில் வைத்துப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குக. நாள்தோறும் ஐந்தாறு மணிநேரமேனும் வெயில் படாத மல்லிகை தழைக்குமேயன்றி நன்கு பூவாது. இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து விற்றல் ஒரு தொழிலாகவே நடைபெறுகின்றது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் தோட்டங்களுக்கும் ஆண்டிருந்து நாற்றுகள் செல்வதுண்டு. இல்லத்திற்கோ ஒரு கத்தியும் ஒரு தொட்டியும் பொறுமையும் போதும்.

ஒன்று கருதத்தக்கது. தாயின் நலன் பதியனுக்கு வருமாறே, அதன் நோயும் உடன் வரும். இலை மஞ்சளித்தும் வேர் முடிச்சிட்டும் நலிந்த செடியினின்று பதியனெடுத்து அயலார்க்கு ஈதல், நன்கொடையாகாது, நோயைப் பரப்புதலாகும். ஆதலின், நல்ல செடியையே தேர்தல் கடன்.

மற்று, விதையில்லாத செடிக்குக் களஞ்சியம் இல்லை; நெல்லைப்போல் குதிரில் இட்டு வைத்து மறு ஆண்டு முளைப்பிக்க ஒண்ணாது. ஒரு மனையில் மட்டும் நின்ற மல்லிகை ஒரு கோடையில் பட்டால், அதனோடு அது முடிந்தது. அண்டை வீட்டார்க்கு முன்பே ஒரு பதியன் ஈந்திருப்பின், அவரிடம் சென்று நம் செடியையே மீண்டும் கேட்டுப் பெறலாம். ஈந்தது எஞ்சும், ஈயாது வைத்தது இழக்கப்படும். வரும் ஆனித் திங்களில் பதியனிடுவோர், ஒன்று தமக்கும் ஒன்று பிறர்க்குமாக இரண்டு தொட்டிகளை வைப்பாராக.