எந்தக் கணக்கில் தவறுகிறது?

இணையவழி வகுப்பில் ஒரு மாணவர் எந்நேரம் நுழைந்தார், எந்தக் காணொலியைப் பாதியில் நிறுத்தினார், எந்த வினாவுக்குத் திரும்பத் திரும்பத் தவறான விடையைத் தெரிவு செய்தார் என்பன யாவும், எவரும் கேட்காமலேயே பதிவாகிவிடுகின்றன. அப்பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்து, அடுத்த பாடத்தை எங்கிருந்து, யாருக்கு, எம்முறையில் நடத்துவது என்று தீர்மானிப்பதற்குக் கற்றல் பகுப்பாய்வு என்று பெயர். பருவ இறுதியில் மதிப்பெண் வழங்கி முடித்துவிடுவது தொகுத்தறி மதிப்பீடு. பாடம் நடக்கும்போதே மாணவர் தடுமாறும் இடத்தைக் கண்டு கற்பித்தலைத் திருத்திக்கொள்ள உதவுவது வளரறி மதிப்பீடு. கற்றல் பகுப்பாய்வு இவற்றுள் பின்னதன் வழியில் வருவது.

கல்வியை எண்களால் அளப்பது விருதுநகர் மாவட்டத்தாருக்குப் புதிதல்ல. பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்த இம்மாவட்டம், 2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரத்துடன் சேர்த்துத் தெரிவு செய்யப்பட்டது. தெரிவுக்கான அளவுகோல்கள் பலவற்றுள் கல்வியும் ஒன்று, அவ்வளவே என்பது உண்மைதான். ஆயினும் ஒரே மாவட்டம் ஒரு பட்டியலில் முதலிலும் மற்றொன்றில் கடைப்பகுதியிலும் நின்றதைப் பார்த்தவர்கள், தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் நம்பி அமைதி கொள்ள இயலாது.

பெருந்தொற்றுக் காலத்தில் கற்றல் தரவின் அருமை வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது; ஆனால் தொலைக்காட்சி பேசுமேயன்றிக் கேட்காது ஆகையால், எந்தக் குழந்தைக்கு எது புரிந்தது என்னும் செய்தி ஆசிரியருக்குத் திரும்பி வரவில்லை. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரிடம் 2021 டிசம்பர் முதல் நடத்திய சோதனைகளில்தான் இழப்பின் அளவு தெரிந்தது. மொழியைவிடக் கணக்கில் சரிவு அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் 24 விழுக்காடு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் விளைந்தது.

தரவு கற்பித்தலை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குத் மைண்ட்ஸ்பார்க் என்னும் கற்றல் மென்பொருளைப் பற்றித் தில்லியில் 619 மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு நல்ல சான்று. ஒரே வகுப்பறையில் அமர்ந்திருப்போரின் கற்றல் நிலை ஐந்தாறு வகுப்புகள் அளவுக்கு விலகியிருந்ததால், மென்பொருள் ஒவ்வொருவரின் விடைகளையும் பார்த்து, அவரவர் நிற்கும் படியிலிருந்தே கணக்கைத் தொடங்கியது. நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிட்டியது. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், செயலிவழி மதிப்பீட்டைக் கொண்டு தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பாடம் அமைத்ததும் இதே கருத்தில்தான். கடைசி வரிசை என்ற பெயரைவிட அரும்பு என்ற பெயர் எவ்வளவோ மேல்.

எனினும் எண் தடுமாற்றத்தைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது. விருதுநகர் மாவட்டத்தின் எம். புதுப்பட்டி போன்ற பட்டாசுத் தொழில் ஊரை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் தாயின் கைபேசியே வீட்டின் ஒரே திறன்பேசி என்றால், அது பிள்ளைகளின் கைக்கு வருவது பெரும்பாலும் மாலையில்தான், அதுவும் பங்கு போட்டுத்தான். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் ரீசார்ஜும் தள்ளிப்போகலாம். கணினித் திரையில் இவையெல்லாம் 'ஈடுபாடு குறைவு' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். ஊரை அறிந்த ஆசிரியருக்கோ அது வாசிக்கத் தெரிந்த செய்தி. 2021ஆம் ஆண்டின் ஏசர் கல்விநிலைக் கணக்கெடுப்பும், நாட்டின் ஊரகப் பகுதிகளில் திறன்பேசி உள்ள வீட்டுக் குழந்தைகளிலேயே நான்கில் ஒருவருக்கு அது கைக்குக் கிடைப்பதில்லை என்று கண்டது.

எண்ணைத் தவறாக வாசிப்பதில் பெரிய பல்கலைக்கழகங்களும் விலக்கல்ல. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம், பின்தங்கும் மாணவர்க்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளால் முன்னெச்சரிக்கை தரும் முறையைக் கையாண்டு, அதனால் இடைநிற்றல் குறைந்ததாகச் சொன்னது. 2013இல் ஆய்வாளர்கள் அதைத் திருப்பிக் கேட்டனர்: விளக்கு இருந்ததால் மாணவர் தங்கினரா, நீண்டநாள் தங்கிப் படித்ததால் விளக்குள்ள பாடங்கள் பலவற்றைச் சந்தித்தனரா?

குழந்தைகளின் தரவு குழந்தைகளுக்கே உரியது என்பதையும் மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. மறுபுறம், பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் முறையீடு. பதிவேற்றிய தரவு மறுநாள் பாடமாகத் திரும்பி வராதவரை அம்முறையீடு நியாயமானதே.

எம். புதுப்பட்டி வட்டாரப் பெற்றோர் அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றது என்பதோடு நில்லாமல், எந்த வகைக் கணக்கில் தவறுகிறது என்றும் ஆசிரியரிடம் கேட்கலாம்.