முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள்

ஓடித் தேய்ந்த ஸ்னோமொபைல் கிளம்ப மறுத்தால் கார்புரேட்டரைக் கழற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். வட ஒன்டாரியோவில் என் கராஜில் நிற்பது இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி. எதற்கும் முன் அதில் கம்ப்ரெஷன் கேஜைத்தான் மாட்டுவேன். பிளக்குகளைக் கழற்றி, ஒயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். இரு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. மிஞ்சினால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிப்பேன்.

கழற்றிய பிளக்கையும் பாருங்கள். பழுப்பு நல்லது, ஈரக் கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால்தான் எனக்குப் பதறும், கலவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தால், கலவை மெலிந்து பிஸ்டனே உருகிவிடும். ரப்பரை வளைத்து, டார்ச் அடித்துத் தேடுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால் அடுத்து கார்புரேட்டர். கோடையில் தங்கிய பெட்ரோல் அதன் பைலட் ஜெட்டை அடைத்திருக்கலாம். கம்பியால் குத்தாதீர்கள், கிளீனர் தெளித்து ஊதினால் போதும்.