கிண்ணம் வாங்க முதல் கோப்பைத் திறவுங்கள்: ஊர் மைதானத்தில் லீக் ஆட்டம் வைக்கும் கழகங்களுக்கு

மாலை நாலரை மணி. மைதானத்தைச் சுற்றி ஊர் கூடி நிற்கிறது. உயர்ந்து வந்த பந்துக்கு எழும்பிய இரண்டு பெடியள் தலையோடு தலை மோதி விழுகிறார்கள். ஒருவன் எழும்பிவிடுகிறான். மற்றவன் கண் திறந்தபடி கிடக்கிறான், பேச்சில்லை. கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் ஓடி வந்து தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருவர் கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கி நிமிர்த்துகிறார். "ஒண்டுமில்லை, ரெண்டு நிமிஷம் நட, சரியாப் போகும்." கழகத்தில் மாற்று வீரர் இல்லை. பெடியன் திரும்பவும் இறங்குகிறான். கைதட்டல் கேட்கிறது. இரவு எட்டு மணிக்கு வீட்டில் சத்தி எடுக்கத் தொடங்குகிறான். அப்போதுதான் கடைசிப் படகு போய்விட்டது என்பது எல்லோருக்கும் நினைவு வருகிறது.

யாழ்ப்பாணத்துத் தீவக மைதானங்களில் இந்தக் காட்சியை ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "நல்லகாலம், தப்பிவிட்டான்" என்று பேசிக்கொண்டு அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கப் போய்விடுகிறோம். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவுகள் அனுப்பும் பணத்தில் ஆளுயரக் கிண்ணம் வாங்குகிறோம், மின்னொளி பூட்டுகிறோம். ஒரு முதலுதவிப் பெட்டியும் கழுத்துப் பட்டியும் வாங்க மட்டும் மனம் வருவதில்லை.

தலையில் அடிபட்டவரைத் திரும்ப இறக்காதீர்கள்

றக்பி நமது தீவுகளில் வேரூன்றாத ஆட்டம். கொழும்பிலும் கண்டியிலும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காகப் பாடசாலைகள் மோதுகின்றன. இங்கே உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும்தான் ஊரின் ஆட்டங்கள். ஆனாலும் தலைக்காயம் பற்றி மற்ற எல்லா ஆட்டக்காரரும் றக்பிக்காரரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அதை அவர்கள் உயிர் கொடுத்துக் கற்றார்கள். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் பாடசாலை றக்பி ஆட்டமொன்றில் தலையில் அடிபட்ட 14 வயது மாணவன் வெளியேற்றப்படாமல் தொடர்ந்து விளையாடி, மைதானத்தில் விழுந்து, பின்னர் இறந்தான். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்ததுதான் காரணம் என்று 2013 இல் மரண விசாரணை சொன்னது. அதன் பிறகு பிரித்தானியா 2023 இல் ஊர்மட்ட விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிமுறை வெளியிட்டது: சந்தேகம் வந்தால் வெளியே எடு, குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டிக்கு இறக்காதே.

மயங்கி விழுந்தால் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. தலைச்சுற்று, கண் மங்கல், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, எத்தனை கோல் என்று தெரியாமல் விழிப்பது என்று எது இருந்தாலும் அந்த வீரருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. தலைவர் கேட்டாலும், பயிற்றுநர் கேட்டாலும், வீரரே கெஞ்சினாலும் முடிந்தது முடிந்ததுதான். அன்றிரவு அவரைத் தனியாக விடக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட விடக் கூடாது.

சத்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கழுத்து நோவு, கை கால் விறைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலை. கழுத்தில் நோவென்று சொல்பவரையும், நினைவில்லாதவரையும் தூக்கி நிமிர்த்தாதீர்கள். கழுத்தை அசையாமல் பிடித்தபடி கிடந்த இடத்திலேயே வைத்திருங்கள். நினைவில்லாதவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுப்பதாலும் வாய்க்குள் கரண்டி வைப்பதாலும் ஒரு பயனும் இல்லை, கெடுதல்தான். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது உங்கள் விருப்பம். தலைக்கும் கழுத்துக்கும் அது வழியல்ல.

கடலைக் கணக்கில் எடுங்கள்

1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைக்குத் தரைப்பாதை இருப்பதால் அங்கு வண்டி வரும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவுக்கு அது கடல் தாண்டாது. அந்தத் தீவுகளில் ஆட்டம் வைக்கும் கழகம், நோயாளியைக் கரை சேர்க்கும் படகை முதலே ஒழுங்குசெய்ய வேண்டும். படகுக்காரரின் பெயர், தொலைபேசி இலக்கம், எரிபொருளுக்கான பணம் எல்லாம் ஆட்டத்துக்கு முதல் நாளே செயலாளரின் கையில் இருக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குத் தரையால் போக வேண்டும். படகு புறப்படும்போதே 1990 ஐ அழைத்து, வண்டியை இறங்குதுறைக்கு வரச் சொல்லுங்கள். அடிபட்டவர் கரைக்கு வந்த பிறகு அழைத்தால் அந்த ஒரு மணிநேரம் வீண்.

விருந்தினர் அணி வரும் படகையும் கவனியுங்கள். கடைசிப் படகைத் தவறவிடக் கூடாதென்ற அவசரத்தில் இரண்டு அணியும் ஆதரவாளரும் ஒரே படகில் நெருக்கி ஏறுவதை எத்தனை தடவை பார்க்கிறோம்? உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். ஆட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் இந்த அவசரமே வராது. பிரமுகர் பிந்தி வருகிறார் என்று ஒரு மணிநேரம் தாமதிப்பது, அந்த ஒரு மணிநேரத்தைக் கடலில் இருட்டாகத் திருப்பித் தருவது.

ஐந்து கடிதம், ஒரு கோப்பு

இனி எழுதுவதைத் தயவுசெய்து பாய்ந்து வாசிக்காதீர்கள். பிரச்சினை வந்த பிறகு கழகங்கள் என்னிடம் கொண்டுவருவது வாய்ப்பேச்சு மட்டுமே: "ஐயாட்டச் சொன்னனாங்கள், ஓமெண்டவர்." வாயால் சொன்ன ஓம் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் திகதி, கையொப்பம், அலுவலக முத்திரை வாங்கிக் கோப்பில் போடுங்கள். முத்திரை இல்லாத பிரதி வெறும் தாள்.

முதலாவது, பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தருக்கு. உங்கள் கழகம் பதிவாகியிருக்கிறதா, பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என மூன்றும் தனித்தனிப் பிரதேச செயலகங்கள். நயினாதீவும் புங்குடுதீவும் வேலணைக்குள் வருகின்றன. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைக்குள். யாப்பு, நிர்வாகசபைப் பட்டியல், பொதுக்கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்கு விபரம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைக் கையில் கொண்டுபோங்கள். பதிவில்லாத கழகம் உபகரணமும் நிதியும் கேட்டு நிற்பதில் பயனில்லை.

இரண்டாவது, மைதானத்தின் உரிமையாளருக்கு. பிரதேச சபை மைதானமென்றால் சபையின் செயலாளருக்கு. பாடசாலை மைதானமென்றால் அதிபருக்கு எழுதி, தீவக வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். திகதி, நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், மின்னொளி உண்டா என்பதைக் குறிப்பிடுங்கள். குடிநீர் பவுசரையும் இதே கடிதத்தில் கேளுங்கள். உவர்நீர்த் தீவில் பார்வையாளருக்கும் வீரருக்கும் தண்ணீர் இல்லாமல் வெயிலில் ஆட்டம் வைப்பது பொறுப்பற்ற செயல். ரிக்கற் விற்பதென்றால் கேளிக்கை வரி பற்றி அங்கேயே கேட்டுத் தெளியுங்கள். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மூன்றாவது, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது உயர் நீதிமன்றம் 2007 இல் ஏற்படுத்திய ஒழுங்கு. பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் உணர வேண்டுமா?

நான்காவது, அருகிலுள்ள வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியருக்கு. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிரதேச வைத்தியசாலை. இன்ன நாளில் ஆட்டம், இத்தனை பேர் வருவார்கள் என்று அறிவித்தாலே போதும்; அன்று யார் கடமையில் இருப்பார் என்று தெரிந்துகொள்ளலாம். உணவுக்கடை போடுவதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஐந்தாவது கடிதம் உங்களுக்கு நீங்களே எழுதுவது: வீரர் பட்டியல். ஒவ்வொருவரின் பெயர், வயது, வீட்டாரின் தொலைபேசி இலக்கம், இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்ற நோய் விபரம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் சம்மதக் கையொப்பம். அந்தக் கையொப்பம் கழகத்தின் கவலையீனத்தை மன்னிக்கும் பத்திரம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அனுசரணை தேடும்போது சிகரெட், மதுபானக் கம்பனிகளிடம் போகாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது.

ஆட்டத்தன்று காலை கோல் கம்பத்தை இருவர் சேர்ந்து அசைத்துப் பாருங்கள். நிலத்தில் ஊன்றாத இரும்புக் கம்பம் தலைக்கு மேல் தொங்கும் பாரம். பிள்ளைகள் அதில் தொங்கி விளையாடுவார்கள் என்பது தெரிந்த விடயம். மின்னொளிக்கு இழுக்கும் வயர் நிலத்தில் கிடக்கக் கூடாது. ட்ரிப் சுவிச் இல்லாத ஜெனரேற்றரில் ஒரு விளக்கையும் போடாதீர்கள்.

அடிபட்ட பிறகு

மைதானத்தில் கைகலப்பு நடந்து ஒருவர் அடிபட்டால், கழகத்தின் பெயரைக் காப்பாற்ற வைத்தியசாலையில் "விழுந்தது" என்று சொல்லும் வழக்கத்தை விடுங்கள். முதலில் பதிவாகும் காரணம்தான் கடைசி வரை நிற்கும். உள்ளதைச் சொல்லுங்கள். வைத்தியசாலைப் பொலிஸ் பதியட்டும். பொலிஸ் தரும் படிவத்தில் சட்ட வைத்தியப் பரிசோதனை நடக்கட்டும். வீடு திரும்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். மருந்து வாங்கிய பற்றுச்சீட்டு, படகுக் காசு, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. வாயால் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வையாதீர்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அழைக்க வேண்டிய இலக்கங்கள்: தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு 1960, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. சிறுவருக்குத் தீங்கு நேர்ந்தால் 1929. சிறு காயம் தொடர்பான பிணக்குகள் இணக்கசபைக்குப் போகலாம். அங்கு தீர்ந்தால் இரண்டு ஊரும் பகை இல்லாமல் அடுத்த பருவம் விளையாடும்.

கவலையீனத்தால் காயம் ஏற்பட்டு நட்டஈடு கேட்பதென்றால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். "பேசித் தீர்ப்பம்" என்று இழுத்தடிக்கும் காலமும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் அடங்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். அடிபட்டவர் பாடசாலை மாணவரென்றால் சுரக்ஷா காப்புறுதிப் படிவத்தை அதிபரிடம் கேளுங்கள். வளர்ந்த வீரருக்கோ கழகம் காப்புறுதி எடுத்திருந்தால்தான் உண்டு. ஒரு கிண்ணத்தின் காசை அதற்கு ஒதுக்குங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, ஆட்டத்தன்று பிரதம விருந்தினராக வந்து மாலை வாங்குவது கடமையல்ல. மைதானத்துக்கு ஒதுக்கிய நிதி எங்கே, கடிதத்துக்கு என்ன முடிவு என்று அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கு வழி தந்திருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதன் பிறகு ஆணைக்குழு இருக்கிறது.

இத்தனையும் வாசித்துவிட்டு இரண்டை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இவற்றை வையுங்கள்: தலையில் அடிபட்டவரைத் திரும்ப இறக்காதீர்கள். படகை முதல் நாளே ஒழுங்குசெய்யுங்கள். தோற்ற ஆட்டத்தை அடுத்த பருவத்தில் வெல்லலாம். ஒரு தாய் வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்கும் பிள்ளையை, வந்த கால்களாலேயே வீட்டுக்கு நடந்து போகச் செய்வதுதான் ஆட்டம் வைக்கும் கழகத்தின் முதல் கடமை.