அரிசியைப் பார்க்கும் கண்

நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கொல்லங்கோடு. மலையாளத்துடன் தமிழும் வழங்கும் இவ்வூரைச் சுற்றி நெல்வயல்கள் பரந்துள்ளன. இவ்வூர் அமைந்த பாலக்காடு மாவட்டம் கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுகிறது.

விளைந்த நெல் அரிசியாகி உலைக்குச் செல்லுமுன் தூய்மை பெறவேண்டும். முற்காலத்தில் பெண்கள் முறத்தால் புடைத்து உமியையும் தவிட்டையும் நீக்கினர். கல்லையும் கறுத்த அரிசியையும் கண்ணால் கண்டு கையால் பொறுக்கினர். இன்று பெரிய ஆலைகளில் கறுத்த அரிசியைப் பொறுக்கும் பணியை நிறம்பிரிக்கும் எந்திரம் செய்கிறது. அரிசி மூட்டைகளின்மேல் அச்சிடப்படும் ‘சார்டெக்ஸ்’ என்னும் சொல் இவ்வகை எந்திரம் ஒன்றின் வணிகப்பெயரே ஆகும்.

இவ்வெந்திரத்தில் அரிசி மேலிருந்து அருவிபோல் விழும். விழும்போதே கேமரா அதனைப் பார்க்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகம் பெறுகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசியால் அதனைப் பார்த்தால், இரு படங்களுக்கிடையே அரிசி 14 செ.மீ.க்கு மேல் கடந்துவிடும். அரிசியின் நீளமோ ஏறக்குறைய 6 மி.மீ. மட்டுமே! அரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை பார்க்கவேண்டுமாயின், நொடிக்கு 8,800 முறை பார்க்கவேண்டும்.

இவ்விரைவு எவ்வாறு கிட்டுகிறது? கேமராவின் உள்ளே ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லு உள்ளது. அதுவே பட உணரி. கைப்பேசியின் உணரியில் ஒளியுணர் புள்ளிகள் பல்லாயிரம் வரிசைகளில் அமைந்திருக்கும். அனைத்தையும் படித்து முடிக்க நேரமாகும். அதனால் நிறம்பிரிக்கும் எந்திரத்தில் ஒரு வரிசை, அல்லது சில வரிசைகள் மட்டுமே உள்ள வரி உணரியை அமைக்கின்றனர். தறியில் ஊடை இழைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து துணியாவதுபோல, அது காணும் வரிகள் அடுக்கப்பட்டுப் படமாகின்றன.

விரைவு கூடினால் ஒளி குறையும். நொடியின் 8,800இல் ஒரு பங்கில் உணரியை அடையும் ஒளி மிகச் சிறிது. எனவே வடிவமைப்போர் வலிய விளக்குகளை அமைப்பர்; ஒளியுணர் புள்ளிகளையும் பெரிதாக்குவர். ஆயினும் உணரியின் நீளம் மாறாதிருக்கப் புள்ளிகள் பெரிதானால், அவற்றின் எண்ணிக்கை குறையும். சிறு கறை தப்பிவிடும். விரைவு, ஒளி, நுட்பம் ஆகிய மூன்றையும் சமன்செய்வதே வடிவமைப்போர் பணி.

குறையுள்ள அரிசியைக் கண்டதும் எந்திரம் காற்றைப் பீச்சி அதனைத் தள்ளும். கணக்குச் சற்றுப் பிசகினால் அருகிலுள்ள நல்லரிசியும் வெளியேறும். அவ்விழப்பைக் குறைக்க, தள்ளியதை மறுமுறையும் பிரிப்பதுண்டு.

எது குறை என்பதை எந்திரம் தானே அறியாது. வெள்ளரிசியில் செந்நிறம் குறையாகும். பாலக்காட்டு மட்ட அரிசிக்கோ அதுவே அடையாளம். ஒவ்வோர் அரிசிக்கும் ஏற்றதை மனிதரே எந்திரத்திற்குக் கற்பிக்கவேண்டும்.

அருஞ்சொற்பொருள்
உலை – சோறு சமைக்கக் கொதிக்கவைக்கும் நீர்
ஊடை – துணியின் குறுக்கே ஓடும் நூல்
பிசகுதல் – தவறுதல்

வினாக்கள்
1. கைப்பேசிக் கேமரா இப்பணிக்கு ஏன் பொருந்தாது?
2. ஒளியுணர் புள்ளியைப் பெரிதாக்குவதால் விளையும் நன்மை, தீமை யாவை?
3. வீட்டில் அரிசியை எவ்வாறு தூய்மை செய்வர் எனப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.